காட்டு ஊரில் பிறந்த மொழிச் சட்டம்

அலெக்சாந்தர் டூமா பிறந்த வில்லேர்-கொத்ரே, பாரீசுக்கு வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர்ல, ரெட்ஸ் காட்டை ஒட்டின குட்டி ஊர். வேட்டைக்கு வசதியா முதலாம் பிரான்சுவா ராஜா அங்கே அரண்மனை கட்டினார். 1539ல அங்கிருந்தே ஓர் ஆணை: கோர்ட் தீர்ப்பு, பத்திரம் எதுவும் இனி லத்தீன்ல கூடாது, பிரெஞ்சுத் தாய்மொழியிலதான். ஜனங்களுக்குப் புரியணுமாம். நல்ல விஷயந்தான்.

ஆனா அன்னைக்கு பிரெஞ்சு எத்தனை பேருக்குத் தாய்மொழி? தெற்கே ஆக்சிதான், மேற்கே பிரெத்தோன் பேசினவங்களுக்கு ஒரு புரியாத மொழி போய் இன்னொண்ணு வந்துச்சு, அவ்ளோதான்!

பிச்சைக்காரர் விடுதி, முதியோர் இல்லம்னு மாறின அந்த அரண்மனை 2023ல பிரெஞ்சு மொழி மையமாச்சு. தாராளமா கொண்டாடட்டும். ஆனா 'புரியணும்'கிற நியாயம் பிரெத்தோன்காரருக்கும் பொதுதானே? அதையும் சேர்த்துச் சொன்னாத்தான் அது முழு வரலாறு. என்ன சொல்றீங்க?