நெசவாளி மகன்!

ஐரோப்பாவில் ஹங்கேரி என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே "தகாச்" என்ற பெயர் உடையவர்கள் ஏராளம். அது குடும்பப் பெயர். நம் ஊர் இனிஷியலைப் போல, பெயருக்கு முன்னால் வரும்.

தகாச் என்றால் நெசவாளி என்று அர்த்தம். ஸ்லாவ் மக்களின் பேச்சிலிருந்து அங்கே போன சொல் அது. உக்ரைன் நாட்டில் "த்கச்சென்கோ" என்ற பெயர் உண்டு. "நெசவாளி மகன்" என்பது அதன் பொருள். "கோவாச்" என்றால் கொல்லர்.

என்றோ ஒரு பாட்டன் தறியில் உட்கார்ந்தார். பேரன் டாக்டராக இருக்கலாம். பேத்தி ஆசிரியையாக இருக்கலாம். பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இங்கே எப்படி?

ராஜபாளையம் நூலுக்குப் பேர்போன ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் அங்கே நூல் மில் தொடங்கினார். பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில், புண்ணுக்குக் கட்டும் ஆஸ்பத்திரித் துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கைத்தறிச் சேலை நெய்கிறார்கள்.

நெசவாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், தொழிலைப் பெயரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள யார் துணிவார்?

காரணம் உண்டு. இங்கே தொழிலின் பெயர் சாதியின் பெயராயிற்று. யார் திண்ணையில் உட்காரலாம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானித்தது. அதனால்தான் 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நல்ல காரியம்! அந்தப் பட்டங்கள் திரும்பி வர வேண்டாம்.

பட்டம் போயிற்று. தொழிலின் மேல் உள்ள இளக்காரம் போயிற்றா? "மாப்பிள்ளைக்குத் தறி வேலையா?" என்று பெண் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். கடைக்காரரை "அண்ணாச்சி" என்று அழைக்கும் வாய், தறிக்காரரை "ஏய், இங்கே வா!" என்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் என்ன வேலை செய்தார்? நந்தவனம் வைத்தார், மாலை கட்டினார். இன்றும் ஆண்டாள் சூடிய மாலை, ஆண்டுதோறும் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. மாலை கட்டிய கையைக் கும்பிடும் ஊர் அது. நூல் நூற்கும் கையையும், துணி நெய்யும் கையையும் மதிக்க வேண்டாமா?

"எங்க அப்பா நெசவாளி" என்று ஒரு குழந்தை வகுப்பில் எழுந்து நிமிர்ந்து சொல்ல வேண்டும். கேட்டு ஒருவரும் சிரிக்கக் கூடாது. அன்றுதான், பட்டத்தைத் துறந்ததற்கு முழுப் பலன் கிடைக்கும்.