ஓசி என்றால் ஓட்டையா?

மூங்கில்துறைப்பட்டில் கணினி பழுது பார்க்கப் போனால் தவறாமல் காதில் விழும் வாதம் இது: "விண்டோஸோட வர்ற ஃபயர்வால் ஓசிண்ணே. ஓசி எதுக்கு உதவும்? காசு உள்ளதைப் போட்டுத் தர்றேன்." இதில் ஒரு நியாயம் உண்டு. உள்ளே வருவதைத் தடுக்கும் அது, நாமாக விதி போடாதவரை, வெளியே போவதை விட்டுவிடும். மற்றபடி எல்லாமே தப்பு.

ஒன்று, அது ஓசியே இல்லை. விண்டோஸ் விலையில் அடக்கம். அது உதவாது என்பதும் தப்பு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே 135ஆம் போர்ட் வழியாகக் கணினி கணினியாகப் புகுந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே ஃபயர்வால் இருந்தது, அணைத்த நிலையில். 2004இல் சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான் தானாகவே இயங்கியது. காசு குறையா, சுவிட்ச் போடாத குறையா?

இரண்டு, வெளியே போவதையும் மறிக்க வேண்டுமா? அதற்கு டைனிவால் என்ற மென்பொருள் இருக்கிறது. அது நிஜமாகவே இலவசம்.

மூன்று, கடைக்காரர் பென்டிரைவிலிருந்து ஏற்றும் அந்தக் "காசு உள்ளது" எது? கிராக் செய்த திருட்டு நகல். அதைப் போட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கிறார். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் பூட்டு மாட்டுகிறாரா?

நான்கு, ஆலையிலிருந்து கரும்புப் பணம் கணக்கில் ஏறிய நாளில் ஓடிபி கேட்டு ஒரு போன் வருகிறது. நாமே வாசித்துக் காட்டும் எண்ணை எந்த விலை ஃபயர்வால் தடுக்கும்?

அது போகட்டும். உங்கள் வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல் இன்னும் 'அட்மின்'தானே?