பழுது பார்ப்பவர்களிடமிருந்து காப்பாற்றுங்கள்!

பழைய சினிமா போஸ்டர்களுக்கு எதிரிகள் யார் என்று கேட்டால் கரையான், ராமபாணப் பூச்சி, மழை, மாடு என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். அந்த வரிசையில் இன்னொருவரையும் சேர்த்தாக வேண்டும் என்பது என் கட்சி. அவர் வேறு யாருமல்லர். போஸ்டரின்மீது உயிரையே வைத்திருக்கும் ரசிகர்தாம். கரையானாவது தின்றதோடு விட்டுவிடும். ரசிகரோ கிழிசலுக்குச் செல்லோடேப் போட்டு, வெளுத்த இடத்தில் சாயம் தீட்டி, ஓரங்களைக் கத்தரித்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லாமினேஷனும் செய்து, "புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன், பார்த்தீர்களா?" என்று நம்மையே சாட்சிக்கும் கூப்பிடுவார்.

புதுசு மாதிரி! இந்த இரண்டு வார்த்தைகளின்மீதுதான் எனக்குக் கோபம்.

ஒரு சுவரொட்டிக்காக இவ்வளவு ஆத்திரமா என்று கேட்கலாம். கேட்பவர்களை நான் ஒன்று கேட்கிறேன். 1931இல் வந்த 'காளிதாஸ்' என்ற முதல் தமிழ்ப் பேசும் படத்தை உங்களில் யாராவது பார்த்ததுண்டா? பார்க்க முடியாது. அதன் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதே வருஷம் பம்பாயில் வெளியான 'ஆலம் ஆரா'வுக்கும் அதே கதிதான். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படமும் போய்விட்டது. அந்தக் காலத்துப் பிலிம் தீப்பற்றும் சரக்கு, எரிந்தது பாதி. அதில் இருந்த வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டது மீதி. இப்படி மறைந்த படங்களுக்கு மிஞ்சினால் மிஞ்சுவது ஒரு ஸ்டில் படம், ஒரு பாட்டுப் புத்தகம், ஒரு போஸ்டர். குற்றவாளியும் இல்லை, தடயமும் இல்லை. சாட்சி மட்டும் இருக்கிறான். அந்தச் சாட்சியின் வாயில் நாம் நம் வார்த்தைகளைப் போட்டால் அது நியாயமா?

அந்தச் சாட்சி என்னென்ன சொல்லுகிறான் என்று பாருங்கள். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867ஆம் வருஷத்து அச்சகச் சட்டம் அவற்றைப் போடச் சொன்னது. எங்கே அச்சானது, யார் அச்சிட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் ஏது? கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் முதலில் கத்தரித்து எறிவது அந்த ஓரத்தைத்தான். குறுக்கே 'இன்று முதல்' என்றும், ஊர்க் கொட்டகையின் பெயரும் போட்ட ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதை அழுக்கு என்று உரித்துவிடுகிறார்கள். அது அழுக்கல்ல ஐயா, சரித்திரம்! எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் அந்தப் படம் ஓடியது என்பதை அந்தச் சீட்டைத் தவிர வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. நாலாக, எட்டாக மடித்த தடங்கள்கூட அது மூட்டையாகக் கட்டப்பட்டு ரயிலேறிப் போன கதையைச் சொல்லும்.

என் நண்பர் ஒருவர் 1950களின் போஸ்டர் ஒன்றைப் பெருமையோடு காட்டினார். கதாநாயகியின் கன்னத்தில் ஒரு ஓட்டை இருந்ததாம். ஓவியரை வைத்து அடைத்துவிட்டாராம். அடைத்த ஓவியர் கையோடு புருவத்தையும் திருத்தி, உதட்டுக்கும் சிவப்பு ஏற்றியிருந்தார். முகம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது அந்த நடிகையின் முகமாகவும் இல்லை, அந்தக் காலத்து ஓவியரின் கையாகவும் இல்லை.

நான் கதை எழுதுகிறவன். இதில் எனக்கு என்ன வந்தது என்றால், எழுத்துலகில் இந்த விவகாரம் என்றோ தீர்ந்துவிட்டது. 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோது ஏடுகளில் சிதைந்த இடங்கள் எத்தனையோ இருந்தன. இரண்டு பாட்டுகள் முழுசாகவே கிடைக்கவில்லை. ஐயரவர்களுக்குச் செய்யுள் இயற்றத் தெரியாதா? இட்டு நிரப்பியிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? அவர் சிதைந்த இடத்தில் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளால்தான் மற்ற எழுத்துகளை நாம் நம்புகிறோம். போஸ்டரின் ஓட்டைக்கும் அதே நீதிதான். அதே கனமுள்ள காகிதத்தை, சுற்றிலும் உள்ள நிறத்துக்கு இசைவாக வெளிறிய சாயம் ஏற்றி, அடியில் கொடுத்தால் போதும். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தாது. கிட்டே போய்ப் பார்த்தால் பொய் சொல்லாது.

இனி, பழுது பார்க்கும் சாமான்களைப் பற்றி. செல்லோடேப்பின் பசை நாளாக ஆக எண்ணெய்போல் இளகித் தாளுக்குள் இறங்கி மஞ்சளாகும். மேல் பட்டை தானே உதிர்ந்துவிடும், கறை போகாது. லாமினேஷனோ உயிரோடு சமாதி வைப்பது. சூட்டில் இளகிய பிளாஸ்டிக் நாருக்குள் புகுந்துவிட்டால் பிறகு பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் பிறவியிலேயே உள்ள அமிலம் உள்ளே இருந்துகொண்டு தாளை அரிக்கும். கெட்டிக்காரர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1930களில் ஆவணங்களை அசிட்டேட் தாளுக்குள் வைத்து அழுத்தும் முறை பிரபலமாயிற்று. 1950களில் நம் தேசிய ஆவணக் காப்பகமும் அதையே அசிட்டோன் கொண்டு கையால் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. பிற்பாடு அந்த மோகம் தெளிந்து, போட்ட உறையைக் கழற்றுவதே உலகெங்கும் பெரிய வேலையாகிவிட்டது. அசிட்டேட்டையாவது கரைத்து எடுக்கலாம். கடைத்தெரு லாமினேஷனுக்கு அந்த வழியும் இல்லை.

"அப்படியானால் நைந்து தொங்கும் போஸ்டரை என்னதான் செய்வது?" என்பீர்கள். துணி கட்டலாம். இது விநோத வித்தை அல்ல. பள்ளிக்கூடத்தில் கம்பு செருகித் தொங்கிய தேசப் படத்தின் முதுகில் துணி ஒட்டியிருந்ததே, அதே வேலைதான். போஸ்டர் சேகரிப்பவர்கள் இதற்கு 'லினன்' என்று பெயர் சொன்னாலும் இன்று பெரும்பாலும் போடுவது பருத்திக் கித்தான்தான்.

வீட்டிலேயே செய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் மெல்லிய தூரிகையால் தூசி தட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு நிறத்தின் ஓரத்திலும் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்க்க வேண்டும். நிறம் பஞ்சில் ஏறினால் அதோடு நிறுத்திவிட்டு, கைதேர்ந்தவரிடம் போக வேண்டும். நிறம் நின்றால், கஞ்சி போக அலசிய கித்தானை மரச்சட்டத்தில் விறைப்பாக அறைந்து, அதன்மேல் கோஸோ என்னும் செடியின் நாரில் செய்த மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை ஒட்ட வேண்டும். போஸ்டர் நேரே துணியில் ஒட்டக்கூடாது. இந்தக் காகிதத்தின்மேல்தான் ஒட்ட வேண்டும். போஸ்டரை முகம் குப்புற ஒரு பிளாஸ்டிக் தாளில் கிடத்தி, முதுகில் நீர் தெளித்து, மடிப்புகள் இளகியதும் பசை பூசி, கித்தான்மேல் பதித்துத் தூரிகையால் நீவிவிட வேண்டும். பிறகு நிழலில் இரண்டு மூன்று நாள் விட்டால் துணியும் தாளும் இழுத்துக்கொண்டு, மடிப்புகள் தாமே படிந்துவிடும்.

உயிர்நாடி பசைதான். தெருவில் போஸ்டர் ஒட்டுகிறவர் காய்ச்சும் மைதாப் பசையும் மயில்துத்தமும் அவருக்குச் சரி. சுவரில் அது நிற்க வேண்டியது சில வாரங்களே. நமக்கு அது ஆகாது. மாவில் உள்ள பசையம் பூச்சிக்கு விருந்து. துத்தத்தில் உள்ள செம்பு தாளையே அரிக்கும். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கத் தெரிந்த வீடுகளில் நல்ல பசைக்குப் பஞ்சமே இல்லை. மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி, ரப்பர்போல் திரளும் சக்கையை எறிந்துவிட்டு, அடியில் படிந்த வெள்ளையை மட்டும் நீர் விட்டுக் கிளறிக் காய்ச்சினால் அதுதான் பசை. நாளைக்கே வேண்டாம் என்றால், ஈரம் காட்டினால் விட்டுக்கொடுக்கும். மரவேலைக்காரர்களின் வெள்ளைப் பசை அப்படி விட்டுக்கொடுக்காது.

துணி கட்டத் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கண்ட போஸ்டருக்கெல்லாம் கட்டவும் வேண்டாம். மழைக்காலத்தில் துணி ஒரு விதமாகவும் தாள் ஒரு விதமாகவும் நீளும். கிழியாத போஸ்டருக்கு அமிலமில்லாத உறையும் இருட்டும் சமதளமுமே போதும். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு கைத்தொழில்தான். நம்மவர்களுக்கு அதுதான் வருவதில்லை.

"புதுசு மாதிரி இருந்தால்தானே விலை போகும்?" என்று கடைசிக் கேள்வி வரும். 1927இல் வந்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்ற அமெரிக்கப் படத்தின் பிரதி, 1960களில் ஸ்டூடியோக் கிடங்கில் பற்றிய தீயோடு போயிற்று. அதன் போஸ்டர் ஒன்று 2014இல் 4,78,000 டாலருக்கு ஏலம் போயிற்று. பளபளப்பு வேண்டுமென்றால் அந்தப் பணக்காரர் நேற்று அச்சடித்த நகலைச் சொற்பக் காசுக்கு வாங்கியிருப்பாரே! அவர் கொடுத்த விலை, அந்தக் காலத்திலிருந்தே வந்த தாளுக்கு.

ஆகவே ரசிகப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். கையில் பசையை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் இன்று செய்வதை, நாளை என்னைவிட விஷயம் தெரிந்த ஒருவர் வந்து அவிழ்க்க முடியுமா? முடியுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். முடியாதென்றால், புண்ணியமாய்ப் போகும், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுங்கள். கிழிந்த சாட்சி எவ்வளவோ மேல். திருத்தி எழுதிய சாட்சி யாருக்கும் உதவாது.