தண்ணீர் போக வழி எங்கே?

2015 டிசம்பர் 1-ந் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. சென்னை நகரம் மூழ்கிற்று. பழி முழுவதும் வானத்தின் மீதா? 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே அதை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது.

பள்ளிக்கரணைக் கழுவெளியைப் பாருங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வடிந்தது. சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த அந்த நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பங்கே. மற்றதெல்லாம் குப்பைமேடு, கம்பெனிகள், அடுக்குமாடிகள்.

கூவம், அடையாறு கரைக் குடிசைவாசிகளை வெள்ள அபாயம் என்று சொல்லி அப்புறப்படுத்தினார்கள். கொண்டுபோய்க் குடிவைத்த இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். அதே கழுவெளியின் ஓரம்! 2023 டிசம்பர் புயல் மழையில் அங்கும் வெள்ளம் சூழ்ந்தது.

வரப்பை உயர்த்தினால் தண்ணீர் அடுத்தவன் வயலில் ஏறும். இது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். மனைக்கு அனுமதி தரும் அதிகாரிக்குத் தெரியாதா? மண் கொட்டி மேடாக்கிய மனையின் தண்ணீர் பக்கத்துக் குடிசைக்குள்தான் போகிறது. வெறும் தரை மழையைக் குடிக்கும். சிமெண்டுத் தரை மொத்தத்தையும் ஒரே நேரத்தில் சாக்கடையில் தள்ளும்.

ஆகவே, புதிய குடியிருப்பு எதுவானாலும் தன் மழையைத் தன் எல்லைக்குள்ளேயே குளமும் திறந்த தரையும் வைத்துத் தாங்க வேண்டும். செலவு கட்டுகிறவனுடையது. 2015-ல் எங்கெங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்ற வரைபடத்தைத் தமிழில், பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டிய பிறகே அனுமதி தர வேண்டும். பெரும்பாக்கத்து வடிகால் வேலை ஐப்பசி மழைக்கு முன்பே முடிய வேண்டும்.