முகவரை மாற்றினால் விலை ஏறிவிடுமா?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில், ஒப்பந்தத் தொகை பிடிக்காத வீரர் முதலில் கைவைப்பது தன் முகவர் மீதுதான். நினைத்த மாத்திரத்தில் அணியை மாற்ற அவரால் முடியாது. முகவரை மாற்ற ஒரு கடிதமும் 15 நாள் அவகாசமும் போதும். அந்த உரிமையில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் நல்ல தொகை ஒன்று மேசைமேல் காத்திருக்கும்போது ஆளை மாற்றுகிறார்களே, அதைவிட மோசமான நேரம் வேறில்லை.

நெர்லென்ஸ் நோயல் என்ற வீரரின் கதை இதற்குச் சரியான சாட்சி. 2017 கோடையில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவருக்கு 4 ஆண்டுக்கு 7 கோடி டாலர் தர முன்வந்தது என்பது அவர் பின்னாளில் தொடுத்த வழக்கின் கூற்று. அந்த நேரத்தில் பழைய முகவரை விட்டு ரிச் பாலிடம் சேர்ந்தார். 7 கோடியை ஏற்காமல், சுமார் 41 லட்சம் டாலருக்கு ஒரே ஓர் ஆண்டு ஆடச் சம்மதித்தார். அடுத்த கோடையில் பெரிதாக அள்ளலாம் என்பது கணக்கு. அந்த ஆண்டு பெருவிரல் காயத்தால் 30 ஆட்டங்கள்தான் ஆடினார். டிசம்பரில் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், நிருபர்களின் சாப்பாட்டு அறையில் அவர் ஹாட் டாக் எடுத்துக்கொண்டு நின்றது நாடு முழுக்கச் செய்தியானது. அடுத்த ஆண்டு ஓக்லஹோமா சிட்டியில் கிடைத்தது குறைந்தபட்சச் சம்பளம். 2021-ல், தனக்கு 5.8 கோடி டாலர் நட்டம் என்று பால் மீது வழக்குப் போட்டார். பால் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொன்னது உண்மை என்பது இங்கே முக்கியமில்லை.

முக்கியமானது, விலை எங்கே முடிவாகிறது என்பது. முதல் சுற்றில் தேர்வாகும் இளைஞருக்கு விதிப்புத்தகத்திலேயே சம்பள அட்டவணை இருக்கிறது. உச்ச நட்சத்திரம் கேட்கக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு: அனுபவத்தைப் பொறுத்து, அணியின் சம்பள உச்சவரம்பில் 25 முதல் 35 சதவீதம். அடிமட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம். பேரம் நடப்பதெல்லாம் நடுவில் இருப்பவர்களுக்கே. அங்கும் அந்தக் கோடையில் எத்தனை அணிகளிடம் உச்சவரம்புக்குள் இடம் மிச்சமிருக்கிறது என்பதுதான் பாதித் தீர்ப்பு. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் 2016-ல் உச்சவரம்பு 7 கோடியிலிருந்து ஒரே தாவலில் 9.4 கோடி டாலருக்குப் போனது. பெரிய நட்சத்திரம் என்று யாரும் சொல்லாத டிமோஃபே மோஸ்கோவுக்கு லேக்கர்ஸ் அணி 6.4 கோடி கொடுத்தது. மறு கோடையில் நோயல் சந்தைக்கு வந்தபோது பல அணிகளின் கஜானா காலி. போதாக்குறைக்கு, வேறு அணி எது விலை சொன்னாலும் அதே விலைக்கு அவரைத் தக்கவைக்கும் உரிமை டல்லாஸிடம் இருந்தது. எந்த முகவர் வந்திருந்தாலும் இந்த இரண்டையும் மாற்றியிருக்க முடியாது.

ஒரு முகவர் முடித்த ஒப்பந்தத்தின் கமிஷன், அவரை நீக்கிய பிறகும் அவருக்கே போகும். புதியவருக்கு வருமானம் அடுத்த ஒப்பந்தத்தில்தான். ஏற்கெனவே பேசி வைத்த தொகையை ‘வாங்கிக்கொள்’ என்று சொல்ல அவர் எதற்கு? ‘இது குறைவு’ என்று சொல்வதில்தான் அவருடைய இருப்புக்கே நியாயம். வீரர் தோற்றால் முகவரும் தோற்கிறாரே என்பார்கள். உச்சபட்சக் கமிஷன் 4 சதவீதம். 7 கோடிக்கு 28 லட்சம், 41 லட்சத்துக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகம். நட்டம்தான். ஆனால் முகவரிடம் பத்து இருபது வீரர்கள் இருப்பார்கள். ஒரு சூதாட்டம் பலித்தால் அதுவே விளம்பரம், பலிக்காவிட்டால் மற்றவர்கள் இருக்கிறார்கள். வீரருக்கு இருப்பது ஒரே ஒரு ஜோடி முழங்கால்.

2018-ல் நட்சத்திர வீரர் ஆன்டனி டேவிஸ் இதே பாலிடம் மாறினார். மறு ஆண்டு விரும்பியபடி லேக்கர்ஸுக்குப் போய் 2020-ல் கோப்பையும் வென்றாரே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் டேவிஸை வாங்க எந்த அணியும் வரிசையில் நின்றிருக்கும். அங்கே பேரம் பேசியது அவருடைய ஆட்டம். சோம்பேறி முகவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நீக்கத்தான் வேண்டும். அதை அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு ஓராண்டு முன்பே செய்யட்டும்.

டிம் டங்கன், கிராண்ட் ஹில் போன்றவர்கள் வைத்திருந்த முகவர் லான் பாபி சதவீதம் வாங்கவில்லை. வக்கீல் போல மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினார். வீரர்கள் சங்கம் இதையே விதியாக்கலாம். எழுத்தில் வந்துவிட்ட தொகையைப் பற்றிக் கருத்துச் சொல்லப் புதிதாக வருபவருக்கு மணிக்கூலி மட்டும். முதல் தொகைக்கு மேல் கூடுதலாக வாங்கித் தந்தால், அந்தக் கூடுதலில் மட்டும் சதவீதம். முகவர்களுக்கு உரிமம் தருவதும் கமிஷனுக்கு உச்சவரம்பு வைப்பதும் ஏற்கெனவே அந்தச் சங்கம்தான்.