கணக்கு வரும் பிள்ளையைக் கைவிடலாமா?

1910ஆம் வருஷக் கடைசியில் ஓர் இளைஞர் விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினார். வண்டி மாறித் திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி அய்யரிடம் தமது கணக்கு நோட்டைக் காட்டி, ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

மேதைக்கு ஏன் இந்த அலைச்சல்? 1904ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தவர் அவர். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தார், ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. தகப்பனாரோ துணிக்கடைக் குமாஸ்தா. மாதம் 20 ரூபாய் சம்பளக்காரர் கல்லூரிக் கட்டணத்துக்கு எங்கே போவார்? பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1906லும் 1907லும் எப்.ஏ. பரீட்சை தேறவில்லை. கணக்கில் புலி, மற்றப் பாடங்கள் காலை வாரிவிட்டன. கல்லூரிக் கதவு மூடிக்கொண்டது.

1907ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் ராமசாமி அய்யர். நோட்டைப் புரட்டியதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1913ல் சென்னைப் பல்கலைக் கழகமே, பட்டமில்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித் தொகை வழங்கிற்று.

ஆக, மனம் வைத்தால் விதி வளையும்! ஆனால் அதை வளைக்க ஒரு டெபுடி கலெக்டரின் கடிதம் வேண்டியிருந்தது. கரும்பு வெட்டும் கூலியாளின் மகளுக்கு அந்தக் கடிதத்தை யார் கொடுப்பார்கள்?

இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பி.எஸ்ஸி. படிக்கப் போகிறார்கள். பௌதிகமோ ரசாயனமோ எடுத்தாலும், தமிழிலும் ஆங்கிலத்திலும் தேறினால்தான் பட்டம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் உண்டு. நம் பிள்ளையோ லீவு நாளில் நடவுக்குப் போய்விட்டு, ராத்திரியில் புத்தகத்தைத் தொடுகிறது.

அப்படியானால் விஞ்ஞானம் படிப்பவனுக்கு மொழியும் சரித்திரமும் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நாம் அப்படிக் கேட்க மாட்டோம். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்து ஏமாந்தவர்கள் நாம். எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது என்ற சரித்திரம் தெரியாதவன், அதைச் சுலபமாகப் பறிகொடுப்பான். பாடம் வேண்டும், நன்றாகவே வேண்டும். அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்காமல், அதிலேயே பிள்ளையை வடிகட்டி வெளியே தள்ளுவதைத்தான் எதிர்க்கிறோம்.

நாம் கேட்பது இதுதான். கிராமத்துப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் வருஷத்திலேயே மொழிப் பாடங்களில் இலவசத் தனி வகுப்பு வேண்டும். ஆசிரியர் இடங்களைக் காலியாகப் போட்டு வைக்கக் கூடாது. ஒரு பாடத்தில் தவறியதற்காக உதவித் தொகையை நிறுத்தக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு பாடம் போய்விட்டால், "படித்தது போதும், வேலைக்கு வா" என்று சொல்லிவிடாதீர்கள். மறு பரீட்சைக்குப் பணம் கட்டுங்கள். கையில் இல்லையென்றால் சங்கத்தில் சொல்லுங்கள். நாலு பேர் கூடினால் ஒரு பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் பெரிய காரியமல்ல.

ராமானுஜன் 1920ல், 32 வயதில் மறைந்தார். அந்தக் குறுகிய வாழ்விலும் சில வருஷங்கள் வேலை தேடியே கழிந்தன. நம் பிள்ளைகளின் வருஷங்களும் அப்படிப் பாழாக விடலாமா?