மாற்றிக்கொள்ளலாம் என்ற சமாதானம்

கணினியை வாங்கும்போதே அதில் ஓர் உலாவி இருக்கும். விண்டோஸ் என்றால் எட்ஜ், மேக் என்றால் சஃபாரி, ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் பெரும்பாலும் குரோம். மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கினாலும் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைத் தொட்டாலும் திறப்பது அதுதான். இயல்புநிலை உலாவி என்பது இதன் பெயர். பேச்சில் டீஃபால்ட் பிரவுசர். எது இயல்புநிலையாக இருந்தால் என்ன, பிடிக்காதவர் வேறொன்றை இறக்கி மாற்றிக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலை, யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணினித் துறையிலேயே வேலை பார்ப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள். இந்த எண்ணம் தவறு. முப்பது ஆண்டு வரலாறும் மூன்று கண்டங்களின் நீதிமன்ற, ஆணைய ஆவணங்களும் இதற்கு எதிராகத்தான் சாட்சி சொல்கின்றன.

பணத்திலிருந்தே தொடங்கலாம். உலாவியின் முகவரிப் பட்டையில் தட்டச்சு செய்யும் சொல் எந்தத் தேடுபொறிக்குப் போக வேண்டும் என்பதும் ஓர் இயல்புநிலை அமைப்பு. அந்த ஓர் இடத்துக்காக கூகுள் நிறுவனம் 2021 இல் மட்டும் உலாவி நிறுவனங்களுக்கும் கைப்பேசி நிறுவனங்களுக்கும் தொலைபேசிச் சேவை நிறுவனங்களுக்கும் 2,630 கோடி டாலர் கொடுத்தது. 2022 இல் ஆப்பிளுக்குப் போனது மட்டும் சுமார் 2,000 கோடி டாலர். அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது. யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடக்கூடிய ஒன்றுக்கு எந்த வியாபாரியும் இவ்வளவு பணத்தைக் கொட்டமாட்டார். மாற்றமாட்டார்கள் என்று தெரிந்துதான் கொட்டுகிறார்கள்.

அதே வழக்கில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பில் இன்னொரு விவரம் இருக்கிறது. அமெரிக்காவில் நடக்கும் பொதுவான இணையத் தேடல்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு கூகுளில் நடக்கிறது. எட்ஜ் உலாவிக்குள் நிலைமை தலைகீழ்: அங்கே ஏறத்தாழ 80 விழுக்காடு தேடல்கள் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக்குப் போகின்றன. எட்ஜின் இயல்புநிலைத் தேடுபொறி பிங். எட்ஜ் பயன்படுத்துவோருக்கு கூகுள் என்ற பெயர் தெரியாமல் இல்லை. அமைப்புகளுக்குள் போய் மாற்றலாம் என்ற வழியும் திறந்தேதான் இருக்கிறது. இருந்தும் பெரும்பாலான தேடல்கள் வைத்த இடத்திலேயே நடக்கின்றன.

இந்தப் பாடம் கணினி உலகுக்குப் புதிதில்லை. 1994 டிசம்பரில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் சில மாதங்களிலேயே இணையத்தின் வாசல் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்தது. முதல் பதிப்புகள் நெட்ஸ்கேப்புக்கு ஈடாக இல்லை. ஆனால் அது விண்டோஸோடு சேர்ந்தே வந்தது, இலவசமாகவும் வந்தது. கணினி தயாரித்த காம்பேக் நிறுவனம் 1996 இல் தன் பிரசாரியோ கணினிகளின் திரையிலிருந்து எக்ஸ்ப்ளோரரின் சின்னத்தை எடுத்துவிட்டு நெட்ஸ்கேப்பை வைத்தது. விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்துவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவிப்பு அனுப்பியது. விண்டோஸ் இல்லாமல் கணினி விற்க முடியாத காலம். காம்பேக் பணிந்தது, சின்னம் திரும்பி வந்தது. திரையின் ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு இருந்த படம் அது. அது பயனர்களின் விருப்பத்தைத் தீர்மானிக்கும் என்பது இரு நிறுவனங்களுக்கும் தெரிந்திருந்தது.

1998 மே மாதம் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. தன் ஏகபோகத்தைக் காத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் சட்டத்தை மீறியது என்ற முடிவு 2001 இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. நிறுவனத்தை இரண்டாக உடைக்கும் ஆணை மட்டும் தள்ளுபடியானது. அதற்குள் நெட்ஸ்கேப் ஏஓஎல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. எக்ஸ்ப்ளோரரின் பங்கு 90 விழுக்காட்டைத் தாண்டியது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு 2001 ஆகஸ்டில் வந்தது. ஏழாம் பதிப்பு வந்தது 2006 அக்டோபரில். இடையில் ஐந்து ஆண்டுகள். ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் தாவல்களாகத் திறக்கும் வசதியை ஓபராவும் ஃபயர்ஃபாக்ஸும் எப்போதோ தந்துவிட்டன. எக்ஸ்ப்ளோரர் காத்திருக்க வைத்தது. பின்னணி தெரியும்படியான பிஎன்ஜி படத்தை ஆறாம் பதிப்பில் போட்டால், தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் நிற்கும். வலைத்தளம் வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை எழுதினார்கள்: ஒருமுறை இணையத்தின் பொதுத் தரத்துக்கு, இன்னொரு முறை எக்ஸ்ப்ளோரருக்கு. போட்டி இல்லாத இடத்தில் வேலையும் நடக்கவில்லை. விருப்பப்பட்டவர் மாற்றிக்கொள்ளலாம் என்ற சமாதானம் அந்த ஐந்து ஆண்டும் இருந்தது. பெரும்பான்மையோர் மாறவில்லை.

மாறியவர்களும் தப்பிக்கவில்லை. தென்கொரியா இதற்கு உதாரணம். இணைய வணிகத்துக்காக அந்த நாடு 1990களின் இறுதியில் சீட் என்ற சொந்தக் குறியாக்க முறையை உருவாக்கியது. உலாவிகளில் அது இல்லாததால், எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் செருகுநிரல் வழியாக வங்கிகள் அதைத் தந்தன. அரசின் சான்றிதழ் முறையும் அதன்மேல் கட்டப்பட்டது. விளைவு, மேக் வைத்திருந்தவரும் லினக்ஸ் வைத்திருந்தவரும் வங்கிக் கணக்கைப் பார்க்கவே இன்னொரு கணினியைத் தேடிப்போக வேண்டியிருந்தது. 2014 இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகி அணிந்த கோட்டை வாங்க விரும்பிய சீன ரசிகர்களால், அந்தச் சான்றிதழ் இல்லாததால், கொரியக் கடைகளில் பணம் செலுத்த முடியவில்லை. அப்போதைய அதிபர் பார்க் குன்-ஹேயே ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லிக் குறைபட்டார். அந்தச் சான்றிதழின் சட்டத் தகுதி 2020 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் உலாவிக்கு ஒரு நாடே இருபது ஆண்டு கட்டுப்பட்டுக் கிடந்தது.

தமிழுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. ஒருங்குறி பரவும் முன் பல தமிழ் இதழ்களின் தளங்கள் தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. பக்கத்தோடு தானே இறங்கும் எழுத்துரு பலவற்றில் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் உரிய வடிவில் இருந்தது. வேறு உலாவியில் திறந்தால் தலைப்புச் செய்தி புரியாத குறிகளாகச் சிதறிக் கிடக்கும். மாற்று உலாவியிலும் குறை இருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் ஆரம்பப் பதிப்புகளில், இருபுறமும் சமன்செய்யப்பட்ட தமிழ்ப் பத்தி உடைந்து, கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும். வலைப்பூ எழுதியவர்கள் ஃபயர்ஃபாக்ஸ் வாசகருக்காகச் சமன்செய்வதை விட்டுவிடும்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 2008 இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது சரியானது. பயன்படுத்துபவர்கள் இருந்ததால், குறையைச் சொல்ல ஆள் இருந்ததால் சரியானது. எல்லோரும் கணினியோடு வந்ததிலேயே இருந்திருந்தால் அந்தக் குறையைக் கேட்க நாதி இருந்திருக்காது.

இரண்டு நிமிடம் என்ற கணக்கையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 முதலில் வெளிவந்தது 2021 அக்டோபரில். அதில் ஃபயர்ஃபாக்ஸை இயல்புநிலை ஆக்க விரும்பியவர் அமைப்புகளைத் திறந்து, செயலிகளுக்குள் போய், இயல்புநிலைச் செயலிகளைத் தேடிப்பிடித்து, அதில் ஃபயர்ஃபாக்ஸின் பெயரைச் சொடுக்குவார். ஒரு பொத்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பார். இருக்காது. பதிலாக ஒரு பட்டியல் வரும்: .htm, .html, .pdf, .svg, .xhtml என்று கோப்பு வகைகள், கடைசியில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ். ஒவ்வொன்றின் எதிரிலும் எட்ஜ் நிற்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சொடுக்கி மாற்ற வேண்டும். முதல் சொடுக்கிலேயே, மாற்றும் முன் எட்ஜை ஒருமுறை முயன்று பாருங்கள் என்ற பெட்டி எழும். எச்டிடிபிஎஸ் என்றால் என்ன என்று தெரியாத ஓய்வுபெற்ற ஆசிரியையோ மளிகைக்கடைக்காரரோ இந்தப் பட்டியலின் நடுவில் கைவிட்டுவிடுவார். அப்படிக் கைவிடும்படிதான் அது அமைக்கப்பட்டிருந்தது. கண்டனம் கிளம்பிய பிறகு, 2022 மார்ச் மாதப் புதுப்பிப்பில் ஒற்றைப் பொத்தான் வந்தது. அதை அழுத்திய பிறகும், தொடக்கப் பட்டியலில் தேடினால் வரும் இணைப்புகள் எட்ஜிலேயே திறந்தன. அவற்றைத் திருப்பிவிட எட்ஜ்டிஃப்ளெக்டர் என்ற சிறு கருவியை ஒருவர் முன்பே எழுதியிருந்தார். 2021 நவம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த வழியையும் அடைத்துவிட்டது.

ஆப்பிளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. ஐஃபோன் 2007 இல் வந்தது. இயல்புநிலை உலாவியை மாற்றும் வசதி 2020 செப்டம்பரில் ஐஓஎஸ் 14 உடன்தான் வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் கைப்பேசியில் சஃபாரியைத் தவிர வேறு உலாவியை இயல்புநிலை ஆக்க வழியே கிடையாது.

மாற்றிக்கொள்ளலாம் என்பவர்கள் ஃபயர்ஃபாக்ஸையும் குரோமையும் எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். இரண்டும் இயல்புநிலையை உடைத்து வளர்ந்தவை என்பது அவர்கள் வாதம். ஃபயர்ஃபாக்ஸைப் பொறுத்தவரை இது உண்மை, அந்த உண்மைக்கு ஆன செலவையும் சேர்த்துச் சொன்னால். 2004 நவம்பரில் முதல் பதிப்பு வந்தபோது, பல்லாயிரம் ஆர்வலர்கள் கைக்காசு போட்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார்கள். அண்டை அயலார் கணினிகளில் தாமே போய் நிறுவிக் கொடுத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு அது தொட்ட உச்சம் உலக அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். எக்ஸ்ப்ளோரரின் பாதுகாப்பு ஓட்டைகள் நாள்தோறும் செய்தியான காலத்தில், மேலான கருவிக்கு, பல ஆண்டு உழைப்புக்குப் பின் கிடைத்தது அவ்வளவே.

குரோமின் கதை வேறு. 2008 இல் அது வந்தபோது வேகமாகவும் உறுதியாகவும் இருந்தது. அதன் தரத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் உலகமே தினமும் திறக்கும் கூகுளின் முகப்புப் பக்கம் அதற்கு விளம்பரப் பலகை ஆனது. அடோபி, அவாஸ்ட் போன்றவற்றின் மென்பொருள்களை நிறுவும்போது கூடவே குரோமும் இறங்கியது. கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டோடு சேர்ந்தே வந்தது. ஓர் இயல்புநிலையைத் தோற்கடித்தது இன்னொரு இயல்புநிலைதான்.

எல்லா உலாவியும் ஒன்றுதானே என்று இந்தச் சமாதானத்துக்கு ஒரு துணை வாதமும் உண்டு. பக்கத்தைத் திரையில் வரைந்து காட்ட உள்ளே ஓடும் இயந்திரத்தை மட்டும் பார்த்தால் அது பெரும்பாலும் சரி. 2020 ஜனவரியிலிருந்து எட்ஜ் ஓடுவது கூகுள் உருவாக்கிய பிளிங்க் இயந்திரத்தில். ஓபரா, பிரேவ், விவால்டி எல்லாம் அதில்தான். பரவலாகப் பயன்படும் தனி இயந்திரங்களாக மிஞ்சியிருப்பவை ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ. இதுவே கவலைக்குரிய நிலை: எக்ஸ்ப்ளோரர் காலத்தில் நடந்ததைப் போல, குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்துத் தளங்களை வெளியிடும் பழக்கம் மீண்டும் வேரூன்றிவிட்டது.

இயந்திரம் ஒன்றானாலும் நடத்தை ஒன்றில்லை. ஒரு தளத்தில் செருப்பு பார்த்தவரை அடுத்த பத்துத் தளங்களிலும் செருப்பு விளம்பரம் துரத்துவதற்குப் பெரிய காரணம் மூன்றாம் தரப்புக் குக்கிகள், அதாவது பார்க்கும் தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் உலாவியில் வைக்கும் அடையாளக் குறிப்புகள். ஃபயர்ஃபாக்ஸ் 2019 இல் கண்காணிப்புக் குக்கிகளை எல்லோருக்கும் இயல்பாகவே தடுத்தது. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதும் அடைத்தது. இரண்டு ஆண்டில் நீக்குவோம் என்று 2020 ஜனவரியில் அறிவித்த கூகுள், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு விளம்பரத்திலிருந்து வருவது. குரோமில் குக்கியைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது, வேண்டுபவர் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். மறுபடியும் அதே சமாதானம். அமைப்புப் பக்கத்தை ஒருபோதும் திறக்காத கோடிக்கணக்கானோரின் நடமாட்டத்தை, யாரோ முன்கூட்டியே போட்டுவைத்த ஒரு குறி தீர்மானிக்கிறது.

கணினியோடு வருவதுதான் பாதுகாப்பு என்பதில் இன்றைக்கு ஓரளவு நியாயம் உண்டு. எட்ஜும் சஃபாரியும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுபவை. பெயர் தெரியாத தளத்திலிருந்து இறக்கிய உலாவி அவற்றைவிட ஆபத்தானது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸும் பிரேவும் விவால்டியும் கூடத் தவறாமல் புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தோ அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்தோ எடுத்தால் பாதுகாப்புக் குறைந்துவிடாது. பழைய உலாவியின் புத்தகக்குறிகளையும் சேமித்த கடவுச்சொற்களையும் கணினியில் இறக்குமதி செய்துகொள்ளலாம்.

தனிமனிதரின் இரண்டு நிமிடத்தால் இது தீராது என்பதை அரசுகள் மெதுவாகத்தான் புரிந்துகொண்டன. ஓபராவின் புகாரை அடுத்து, ஐரோப்பாவில் விண்டோஸ் பயனருக்குப் பல உலாவிகளைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரையைத் தர 2009 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. 2011 இல் வந்த ஒரு புதுப்பிப்போடு அந்தத் திரை காணாமல் போனது. ஓர் ஆண்டுக்கும் மேல், சுமார் ஒன்றரைக் கோடிப் பயனர்கள் அதைப் பார்க்கவில்லை. தொழில்நுட்பப் பிழை என்று நிறுவனம் சொன்னது; 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் 56.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியாவில் 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குரோமை முன்கூட்டியே நிறுவ வைத்து உலாவிச் சந்தையில் இடத்தைக் காத்துக்கொண்டது அதில் நிரூபணமான குற்றங்களில் ஒன்று. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதிசெய்தது. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் நீதிபதி மேத்தா, கூகுள் பிரத்தியேக ஒப்பந்தங்கள் போடுவதைத் தடைசெய்தார். இயல்புநிலை இடத்துக்குப் பணம் கொடுப்பதை அவர் தடைசெய்யவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் ஐஃபோனில் உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரை வருகிறது. வேறு இயந்திரத்தில் ஓடும் உலாவிக்கும் அங்கே சட்டம் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. சென்னையில் வாங்கும் ஐஃபோனில் அந்தத் திரை வருவதில்லை. அதில் ஃபயர்ஃபாக்ஸை நிறுவினாலும் குரோமை நிறுவினாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட்தான்.